பாப்பாவின் குதிரையும் அப்பாவின் கிஃப்ட் பாக்ஸும்

சிவகாசி,
மாசி கடைசி வெள்ளி.

அன்பு மகன் ஹரிபிரசாத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் பத்திரகாளியம்மன் புண்ணியத்தில் சுகம், ஹாஸ்டலில் உன் தங்கச்சி பாப்பா சுகம், அவள் ஏறுகிற குதிரையும் சுகம். அங்கே ஸ்காட்லாந்துக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய், காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா, ராத்திரி சோறு பொங்குகிறாயா, இல்லை அந்தக் காய்ந்த ரொட்டியையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறாயா, எல்லாவற்றுக்கும் பதில் போடு. வாட்ஸ்அப் இருக்கிற காலத்தில் அம்மா எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா ஸ்பீக்கரில் போடு என்கிறார், நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் மூன்று திருத்தம் சொல்கிறார், இந்தக் கதையை அவர் திருத்தம் இல்லாமல் நீ கேட்க வேண்டும். பக்கத்து வீட்டு யோகேஸ்வரி அக்காவின் மருமகன் உன் ஊருக்கு வருகிறாராம், சாத்தூர் காராச்சேவும் பால்கோவாவும் கொடுத்துவிட்டிருக்கிறேன், அதோடு இதையும் வைத்திருக்கிறேன்.

போன வாரம் எனக்கு மட்டும் தனியாக ஒரு மெசேஜ் போட்டிருந்தாய். ஜூலையில் உனக்குப் பட்டமளிப்பு விழா, வீட்டுக்கு இரண்டு டிக்கெட்தான் கொடுப்பார்கள், அம்மாவும் பாப்பாவும் வாருங்கள், அப்பாவுக்கு அது சீசன் நேரம், ஆர்டர், லோடு என்று அலைவார், அவரிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு என்று. பக்குவமாகச் சொல்ல அது என்ன ஊறுகாயா? உனக்கு அப்பா மேல் பாசம் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன், அங்கே வந்து என்ன செய்து வைப்பாரோ என்ற பயம் உனக்கு, அந்தப் பயம் கல்யாணமான நாளிலிருந்து எனக்கும் உண்டு. பாப்பாவுக்கும் அதே பயம்தான். பெங்களூரில் நடந்ததை எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் அந்த டிக்கெட்டைப் பற்றிப் பேசு.

மாநிலங்களுக்கு இடையிலான பள்ளிக்கூடக் குதிரையேற்றப் போட்டிக்குப் பாப்பா தேர்வாகிவிட்டாள் என்பது உனக்குத் தெரியும். இங்கிலீஷ் நன்றாக வரட்டும் என்று உன் அப்பா அவளைக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஹாஸ்டலில் சேர்த்தார், அவள் குதிரை மேல் ஏறிவிட்டாள். முதலில் அவர், ஏட்டி, குதிரையில ஏறி எங்கன போகப் போற, இங்கனருந்து திருத்தங்கலுக்குப் பஸ்ஸே ஓடுதுல்ல என்று கேலி செய்தவர்தான். பெங்களூருக்குப் போகிறாள் என்றதும் கம்பெனி முழுக்க லட்டு. பாப்பா மட்டும் எனக்குப் போன் செய்து, அம்மா நீங்க மட்டும் வாங்க, அப்பா வேண்டாம், வந்தா ஏதாவது பண்ணிருவாக, எனக்கு ஒரு தடவைதான் இந்தச் சான்ஸ் என்று அழுதாள். நான் பக்குவமாகச் சொன்னேன். அவர் அதைவிடப் பக்குவமாகக் காதில் போட்டுக்கொள்ளாமல் காரைக் கழுவச் சொல்லிவிட்டார்.

நம் ஊர் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. டாக்டரைப் பார்க்கப் போனாலும் பட்டாசு கிஃப்ட் பாக்ஸ், கரண்ட் ஆபீசுக்குப் போனாலும் கிஃப்ட் பாக்ஸ், பெண் பார்க்கப் போய் வேண்டாம் என்று சொல்லி வந்த வீட்டுக்கும் ஒரு கிஃப்ட் பாக்ஸ். ஆனை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்பார்கள், உன் அப்பா வரும் பின்னே மத்தாப்பூ வரும் முன்னே. டிரைவர் முனியராஜ் டிக்கியைத் திறந்தபோதுதான் பார்த்தேன், அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு பெட்டி மேலும் பாப்பாவின் படம்! குதிரை மேல் அவள், குதிரைக்குப் பின்னால் ஏழு வர்ணத்தில் வாணம் வெடிக்கிறது, கீழே சாம்பியன் பிரீத்திகா என்று கொட்டை எழுத்து. உன் சீனிவாசகம் சித்தப்பா பிரஸ்ஸில் அடித்தது. என்னங்க, இன்னும் போட்டியே நடக்கலையே என்று கேட்டேன். தீபாவளி லேபிளை நாம தீபாவளி அன்னிக்கா அடிக்கோம், அம்புட்டும் முன்கூட்டியேதானே என்கிறார். வியாபாரக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டால் அப்படித்தான்.

மைதானத்தைப் பார்க்கணுமே, நம் வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர் இல்லாத காலத்தில் தெரியுமே அவ்வளவு பெரிய இடம். நடுவில் வர்ணம் பூசிய கட்டைகளைக் குறுக்கே அடுக்கி வைத்திருக்கிறார்கள், வேலை மெனக்கெட்டு அவர்களே அடுக்கிவிட்டு அவர்களே தாண்டச் சொல்கிறார்கள். ஒரு கட்டை விழுந்தால் நான்கு புள்ளி போச்சு, கட்டை விழாமல் தாண்டியவர்களில் யார் சீக்கிரம் முடித்தார்களோ அவர்களுக்கு முதல் பரிசு. பாப்பாவின் குதிரைக்கு டைகர் என்று பெயர், குதிரைக்குப் புலி என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ. நான் டைகருக்குக் கேரட் கொடுத்துத் திரும்புவதற்குள் உன் அப்பா பாதி டிக்கியைக் காலி செய்துவிட்டார். குதிரை டாக்டருக்கு ஒன்று, லாடம் அடிப்பவருக்கு ஒன்று, டீ விற்கிறவருக்கு ஒன்று, சாணி அள்ளுகிறவருக்கு ஒன்று, கடைசியில் பெரிய மீசை வைத்த ரிட்டயர்டு கர்னல் ஒருவர் கையில் ஒன்று. அந்தக் கர்னல்தான் தலைமை ஜட்ஜ். பெட்டி மேல் போட்டி போடுகிற பெண்ணின் படம், அதன் கீழே சாம்பியன் என்ற எழுத்து, அது போட்டிக்கு முதல்நாள் ஜட்ஜ் கையில்.

வேறு பள்ளிக்கூடத்து அம்மா ஒருத்தி பார்த்துவிட்டுப் புகார் கொடுத்துவிட்டாள், ஜட்ஜுக்கு லஞ்சம் என்று. அவளைச் சொல்லியும் குற்றமில்லை, நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன். பாப்பாவைப் போட்டியிலிருந்தே நீக்க வேண்டும் என்று பேச்சு. கமிட்டி உட்கார்ந்தது, எங்களைக் கூப்பிட்டார்கள். பாப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். உன் அப்பா தமிழில் சொல்வதை அவள்தான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அவர், அய்யா, அடுத்த ஊருக்கு வந்த எடத்துல வெறுங்கையோட நிக்கச் சொல்றீகளா, எங்க பக்கம் அது மரியாதை இல்லீங்க, எங்க அய்யா காலத்துல இருந்து இப்படித்தான் என்று அரைமணி நேரப் பேச்சை ஆரம்பித்தார். பாப்பா அதை இங்கிலீஷில், அப்பா சாரி கேட்கிறார் என்று முடித்துவிட்டாள். நான் எப்ப சாரி கேட்டேன் என்று அவர் அதற்கு ஒரு சண்டை. சாரிதான் அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஆயிற்றே.

அதோடு கர்னல் இன்னொன்றும் கேட்டார், வைக்கோல் கிடக்கிற இடத்தில் வெடியைக் கொண்டு வரலாமா என்று. கேட்கலாமா அப்படி, அதுவும் உன் அப்பாவிடம்! எனக்கா வெடியப் பத்திச் சொல்றீக என்று எழுந்தவர், பெட்டிகளை லாயத்துப் பக்கமே கொண்டு போகவில்லை, காரைத் தனியாக நிழலில் நிறுத்தி முனியராஜைக் காவல் வைத்திருக்கிறோம், மணல் வாளிகூட வைத்திருக்கிறோம், ஒங்க லாயத்துல அம்புட்டு வைக்கோல் கெடக்கு, ஒரு வாளி மணல் உண்டுமா என்று கர்னலையே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். பாப்பா இதை மொழிபெயர்க்கவே இல்லை. ஆனால் அந்தக் கர்னல் நம் பக்கத்து வெலிங்டன் ராணுவ முகாமில் இருந்தவராம், தமிழ் கொஞ்சம் புரியும். மீசை ஆடியது, கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

காப்பாற்றியது யார் தெரியுமா, ஐதராபாத்துக்காரர் ஒருவர். பாப்பாவுக்குச் சரிக்குச் சமமாக நிற்கிற பெண் அவருடைய மகள்தான். அவர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார், இருப்பதிலேயே பெரிய பெட்டி. எனக்கும்தான் கொடுத்தார், ஜட்ஜுக்குக் கொடுத்ததைவிடப் பெரியது, லஞ்சம் கொடுக்கிறவர் எதிராளிக்குமா கொடுப்பார் என்று கேட்டார். உன் அப்பா அதற்கும், அது பெருசு இல்ல சார், ஒங்க வீட்டுல ரெண்டு பிள்ளைகன்னு சொன்னீகள்ல, அதான் என்கிறார். கமிட்டியே சிரித்துவிட்டது. பாப்பா குதிரை ஏறலாம், கொடுத்த பெட்டி எல்லாம் திரும்ப வெளியே போக வேண்டும், பெட்டியைக் கொண்டு வந்தவரும் மறுநாள் மைதானத்துக்குள் வரக்கூடாது என்று தீர்ப்பு. பாப்பா அவரிடம், இதுக்குத்தான் வராதீங்கன்னு சொன்னேன் என்றாள், அவ்வளவுதான், அதன் பிறகு அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் உன் அப்பா இரண்டு தோசைதான் சாப்பிட்டார், நீயே புரிந்துகொள்.

மறுநாள் நான் உள்ளே, அவர் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே. சுவர் உயரம், ஒன்றும் தெரியாது. நான்தான் போனில் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. டைகர் முதல் கட்டைக்கு ஓடியதுமே நான் கண்ணை மூடிவிட்டேன், என்னால் பார்க்க முடியவில்லையப்பா, பெற்ற வயிறு. என்னடி ஆச்சு, என்னடி ஆச்சு என்று போனில் அலறுகிறார். சத்தம் ஒண்ணும் வரலைங்க என்றேன். கட்டை விழுந்தால் தடதடவென்று சத்தம் வரும், வராவிட்டால் தாண்டிவிட்டாள் என்று அர்த்தம். அப்படியே கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் சத்தம் வரலை, சத்தம் வரலை என்று சொல்லிக்கொண்டே போனேன். நம் தொழிலில் சத்தம் வராவிட்டால் நமுத்துப்போன சரக்கு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், உன் அப்பா வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சத்தம் வராததற்குச் சாமி கும்பிட்டது அன்றைக்குத்தான். கடைசிக் கட்டையும் தாண்டினாள். ஒரு கட்டைகூட விழவில்லை. அதுவரைக்கும் ஏறிய எல்லோரையும்விடப் பாப்பா முந்தி. மிச்சம் ஒரே ஒரு ஆள், அந்த ஐதராபாத்துப் பெண்.

இதற்கப்புறம் சுவருக்கு வெளியே நடந்ததை நான் பார்க்கவில்லை, முனியராஜ் சொன்னது, அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பெட்டியெல்லாம் வெளியே வந்துவிட்டதல்லவா, அவன் சந்தோஷத்தில் ஒரு ஆயிரம் வாலாவை உருவிச் சுவரோரம் விரித்து ஊதுபத்தியையும் கொளுத்திவிட்டான். மொதலாளி, பாப்பாதான் முடிச்சிருச்சுல்ல, பத்த வச்சிருவோமா என்று கேட்டிருக்கிறான். உன் அப்பா ஊதுபத்தியைப் பிடுங்கிக் காலால் நசுக்கி, ஏலே, அந்தப் பிள்ளை இன்னும் தாண்டலைலே, குதிரை மெரண்டா என்ன ஆகும், அதுவும் ஒருத்தன் பெத்த பிள்ளைதானலே என்று வைதுவிட்டு, அவன் கையை நம்பாமல் அந்தச் சரத்தின் மேலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். வேட்டியெல்லாம் மருந்து. அந்தப் பெண் அலுங்காமல் குலுங்காமல் எல்லாவற்றையும் தாண்டிப் பாப்பாவைவிடக் கொஞ்சம் முந்தியும் முடித்துவிட்டாள். அவளுக்கு முதல் பரிசு, பாப்பாவுக்கு இரண்டாவது. ஒரே ஒரு வெடி போதும், பாப்பா முதல் பரிசு வாங்கியிருப்பாள். உன் அப்பாவுக்கு அது தெரியாதா என்ன?

வெள்ளிப் பதக்கத்தோடு வெளியே வந்த பாப்பாவிடம் முனியராஜ் இதைச் சொல்லிவிட்டான். அவள் திரும்பி உள்ளே போனாள், டைகரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தாள், பின்னாலேயே அவள் சிநேகிதிகள் எல்லோரும். வேட்டியில் கருமருந்தோடு நின்ற மனிதரைக் காட்டி, இவங்கதான் எங்க அப்பா என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள், தமிழிலும் இங்கிலீஷிலும். போட்டோ உள்ளே எடுக்க மாட்டேன், எங்க அப்பா நிக்கிற எடத்துலதான் எடுப்பேன் என்று ரோட்டிலேயே எடுத்தாள். குதிரையெல்லாம் வண்டியேறிப் போகும்வரை காத்திருந்து, டிக்கியை அவளே திறந்து, சாம்பியன் என்ற எழுத்தைப் பேனாவால் அடித்து ரெண்டாவது என்று எழுதி எழுதி எல்லோருக்கும் கிஃப்ட் பாக்ஸ் கொடுத்தாள். கர்னல் வந்து தன் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நான் காரில் உட்கார்ந்து ஓசூர் வரைக்கும் அழுதேன், உன் அப்பா தூசி என்றார், அவர் கண்ணிலும் தூசிதான்.

ஆக, உன் டிக்கெட் விஷயம். ஒன்று அவருக்கு. இன்னொன்று அவரைப் பிடித்து உட்கார வைக்க எனக்கு. பாப்பா தானாகவே விட்டுக்கொடுத்துவிட்டாள். சீசனைப் பற்றிக் கவலைப்படாதே, உன் மெசேஜை நான் காட்டவில்லை, டிவியில் எவனோ கறுப்பு அங்கி போட்டுப் பட்டம் வாங்குவதைப் பார்த்துவிட்டு, நம்ம பயலுக்கு எப்ப என்று கேட்டார், நான் ஜூலை என்றதும் லோடையெல்லாம் ஜூன்லயே அனுப்பிருவோம் என்று அவரே சொல்லிக்கொண்டு திரிகிறார். நீ கூப்பிட வேண்டும், நீயே, உன் வாயால். விமானத்தில் வெடி ஏற்ற மாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன், காராச்சேவு ஏற்றுவார்களா என்று கேட்டார், ஏற்றுவார்கள் என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். உன் தலையில் சதுரத் தொப்பி வைத்த படத்தோடு காராச்சேவு டப்பா லேபிள் நேற்றே பிரஸ்ஸுக்குப் போய்விட்டது. அதனால் எப்பாடு பட்டாவது பாஸ் பண்ணிவிடு ராசா.

வாரம் ஒரு தடவை எண்ணெய் தேய்த்துக் குளி, கூட இருக்கிற பையன்களுக்கும் சேவு கொடு, இருக்கன்குடி மாரியம்மன் விபூதியைப் பொட்டலத்தில் மடித்து வைத்திருக்கிறேன், பரீட்சைக்குப் போகும்போது பூசிக்கொள். நீ நூறு வயசு நல்லபடியாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் போடு. எனக்கு இல்லை, அப்பாவுக்கு.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா,
சுப்புலட்சுமி அய்யாதுரை.