முப்பத்தாறு இடது கைகள்

ஜூன் 14

மாஸ்டருக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் நலம் என்று போன வாரம் உங்கள் தங்கை சொன்னாள், அதனால் அதைக் கேட்டு ஒரு வரியை வீணாக்கவில்லை. பதினோரு மாதம் கழித்து எழுதுகிறாளே, சமாதானத்துக்கு வருகிறாள் போல என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். இது தொழில் விஷயம். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் "ம்" என்பதோடு சரி. அந்த "ம்"முக்கு அர்த்தம் தேடிக்கொண்டு உட்கார எனக்கு இப்போது நேரமில்லை.

இங்கே உயர்நிலைப் பள்ளியில் ஆடை வடிவமைப்பு வகுப்பு எடுக்கிறேன். பதினெட்டுப் பிள்ளைகள், எல்லாருக்கும் பதினாறு வயது. தையல் மெஷின் ஒன்பது, அதில் ஓடுவது ஏழு. இந்த அறை முன்பு வேதியியல் ஆய்வகமாக இருந்ததாம். மேசைக்கு நடுவில் இன்னும் ஒரு தண்ணீர்க் குழாய் நீட்டிக்கொண்டு நிற்கிறது. துணி விரிக்கும்போதெல்லாம் அதைச் சுற்றித்தான் விரிக்க வேண்டும்.

செப்டம்பர் கண்காட்சிக்கு ஆளுக்கொரு சட்டை. துணியில் இலை இலையாக அச்சடித்ததும் பிள்ளைகளேதான். குழாய் இடித்ததால் துணியை இரண்டாக மடிக்காமல், ஒற்றையாக விரித்து வெட்டச் சொன்னேன். சட்டைக் கையின் காகித வடிவத்தை ஒரு முறை வை, வெட்டு, இன்னொரு முறை வை, வெட்டு. இரண்டாவது முறை காகிதத்தைப் புரட்டி வை என்று சொல்ல மறந்துவிட்டேன். மறுநாள் ஒரு பெண் எழுந்தாள். ஓயாமல் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பதால் அவளுக்கு 'கேள்வி' என்றே பெயர் வைத்திருக்கிறேன். "டீச்சர், என்னோட ரெண்டு கையும் ஒரே பக்கமா போகுது. எனக்கு மட்டுமா?"

அவளுக்கு மட்டுமில்லை. முப்பத்தாறு கை, முப்பத்தாறும் இடது கை. வகுப்பு முழுக்கத் தேடினாலும் ஒரு வலது கை கிடையாது. மிச்சத் துணியும் இல்லை.

சிரித்து முடித்தீர்களா? என்ன செய்யலாம் என்று எழுதுங்கள்.

வெல்வெட் கோட்டு விவகாரம் பற்றி இதில் ஒரு சொல்கூட எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். முந்நூறு கோட்டும் என் டிசைனால்தான் பாழானது என்று தொழிற்சாலையே கேட்கும்படி முதலாளி கத்தி என்னை வேலையை விட்டு அனுப்பியபோது, பக்கத்தில் கத்திரியோடு நின்றிருந்த கட்டிங் மாஸ்டர், அதாவது என் புருஷன், வாயைத் திறக்கவில்லை. அவ்வளவுதான். அதற்கு மேல் எழுத அதில் ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
ஆடை வடிவமைப்பு ஆசிரியை

ஜூன் 21

டீச்சரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒரு தரம் வாசித்தேன். "பொய் சொல்லாதண்ணா, நாலு தரம்" என்கிறாள் தங்கச்சி. சிரித்தேன், மறைப்பானேன். முப்பத்தாறா!

தொழிலுக்கு வருகிறேன். இனிமேல் ஒற்றைத் துணியில் வெட்டினால், காகித வடிவத்தின் ஒரு முகத்தில் 'இடது' என்றும் மறு முகத்தில் 'வலது' என்றும் கொட்டை எழுத்தில் எழுதச் சொல். நாங்கள் புது ஆட்களுக்கு அப்படித்தான் செய்கிறோம். வெட்டியதற்கு வைத்தியம் இல்லை. வேறு துணி வாங்கி வெட்டு. அச்சடித்த துணிக்கு நல்ல பக்கம் ஒன்றுதான், பின்பக்கம் வெளுத்திருக்கும்.

உன் கத்திரி இங்கேயே இருக்கிறது. தங்கச்சி ஒரு நாள் அதை எடுத்துக் காகிதம் வெட்டிவிட்டாள், முனை மழுங்கிப் போய் வீட்டில் பெரிய யுத்தம். சாணை பிடித்து வைத்திருக்கிறேன்.

மற்ற விஷயம் பற்றி எழுத எனக்கு வராது.

மாஸ்டர்

ஜூலை 2

மாஸ்டருக்கு,

வேறு துணி வாங்கவில்லை. உங்கள் கடிதத்தில் 'பின்பக்கம் வெளுத்திருக்கும்' என்பதை வாசித்துக் காட்டினேன். கேள்வி ஓர் இடது கையை எடுத்துத் திருப்பிப் போட்டாள். "வெளுத்தா என்ன டீச்சர்? திருப்பினா வலது கை ஆயிடுச்சே!" அப்புறம் என்னை யாரும் பேச விடவில்லை. வலது கை மட்டும் வெளுத்திருந்தால் தப்பு என்று தெரியுமாம், அதனால் காலரையும் பாக்கெட்டையும் திருப்பித் தைத்தார்கள். இப்போது வேண்டுமென்றே செய்த மாதிரி இருக்கிறது. ஒரு துண்டு வைத்து அனுப்புகிறேன். முகத்தைச் சுளிக்காமல் ஜன்னல் பக்கம் பிடித்துப் பாருங்கள். பனியில் நனைந்த இலை மாதிரி இருக்கும்.

இங்கே ஒரு வழக்கம் கொண்டுவந்திருக்கிறேன். சுவரில் ஒரு பலகை, பெயர் தப்புப் பலகை. தப்பாக வெட்டியதை யாரும் ஒளித்துக் குப்பையில் போடக் கூடாது. அந்தத் துண்டைப் பலகையில் குத்தி, கீழே சீட்டில் மூன்று வரி எழுத வேண்டும். யார் வெட்டியது. என்ன தப்பு. எப்போது சொன்னது. மூன்றாவது வரிக்குத்தான் நான் மதிப்பெண் போடுகிறேன். முதல் சீட்டு என்னுடையது. 'எப்போது சொன்னது: உடனே. பதினெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்ததால் வேறு வழியில்லை.'

நேற்று கேள்வி கேட்டாள். "அந்த மாஸ்டர் எப்பவாவது தப்பா வெட்டியிருக்காரா டீச்சர்? அவருகிட்ட ஒரு துண்டு கேளுங்களேன்."

கேட்டுவிட்டேன்.

ஆசிரியை

ஜூலை 9

டீச்சரம்மாவுக்கு,

துண்டைப் பார்த்தேன். எங்கள் தொழிற்சாலையில் இதைக் கொண்டுபோனால் தரம் பார்க்கிறவர் மயங்கி விழுந்துவிடுவார். ஆனாலும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். மோசமில்லை.

பலகைக்கு ஒரு சட்டைப் பட்டி அனுப்பியிருக்கிறேன். ஆண்கள் சட்டைக்குப் பெண்கள் சட்டை மாதிரி பட்டன் துளையைப் பக்கம் மாற்றிப் போட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிது. சொன்னது: உடனே. இருபத்திரண்டு வருஷத்தில் பெரிதாக வேறொன்றும் இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்.

மாஸ்டர்

ஜூலை 16

மாஸ்டருக்கு,

பட்டி வந்தது, குத்தினோம். பிள்ளைகள் சிரித்தார்கள். கேள்வி மட்டும் சிரிக்கவில்லை. "இது குட்டித் தப்பு டீச்சர். பெரிசை உள்ள வச்சுக்கிட்டு இதைக் குடுத்திருக்காரு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பது எப்படி என்று நல்ல இடத்தில்தானே பழகினேன். பலகையில் உங்கள் பட்டிக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன்.

ஆசிரியை

ஆகஸ்ட் 20

உனக்கு,

ஐந்து வாரமாக எழுதிக் கிழித்தேன். நீ இடம் விட்டிருக்கிறேன் என்று எழுதினாயே, அந்த இடம் என்னைச் சாப்பிட விடவில்லை.

இதோடு இருப்பது வெல்வெட். அந்தக் கோட்டின் முன்பக்கத் துண்டுகள் இரண்டு. பதிமூன்று மாதமாக என் அலமாரியில் செய்தித்தாளுக்கு அடியில் இருந்தன. உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். வெல்வெட்டின் ரோமம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஒரு பக்கம் தடவினால் வழுக்கும், எதிர்ப் பக்கம் தடவினால் தடுக்கும். எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வைத்துத்தான் வெட்ட வேண்டும். ஒன்றைத் தலைகீழாக வைத்தால் ஒரே துணி இரண்டு நிறமாகத் தெரியும்.

நான் தலைகீழாக வைத்தேன். அப்படி வைத்தால் துண்டுகள் ஒன்றோடொன்று நெருக்கமாக உட்காரும், கோட்டுக்கு ஒரு சாண் துணி மிச்சம். மாஸ்டர் இருந்தால் துணி வீணாகாது என்று பேர் வாங்கிய ஆள் அல்லவா நான். வெட்டும் மேசை விளக்கில் ஒன்றும் தெரியவில்லை. தைத்து, வாசல் வெளிச்சத்தில் மாட்டியபோது ஒரு பாதி கறுப்பாகவும் ஒரு பாதி சாம்பலாகவும் நின்றது. நீ சாய்வாகப் பட்டைகள் வரைந்திருந்தாய். முதலாளி உன் டிசைன்தான் இப்படிக் கண்ணைக் குழப்புகிறது என்று கத்தத் தொடங்கினார்.

என் கை தானாகக் கோட்டைத் தடவியது. அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். மாஸ்டர் கை தப்பாது என்று அந்த மேசையைச் சுற்றி ஒரு பேச்சு உண்டே, அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. பொண்டாட்டிதானே, வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தால் நீ பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாய். அப்போதும் சொல்லவில்லை. நான் கோழை. வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

சீட்டையும் எழுதிவிட்டேன். 'வெட்டியது: மாஸ்டர். தப்பு: ரோமத்தின் திசை. எப்போது சொன்னது: பதிமூன்று மாதம் கழித்து.'

மதிப்பெண் என்ன என்று எனக்கே தெரியும்.

நான்

செப்டம்பர் 11

உங்களுக்கு,

மூன்று வாரம் உங்கள் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டி வைத்திருந்தேன். கோபம் வந்தது, அப்புறம் அழுகை வந்தது, அப்புறம் திரும்பவும் கோபம் வந்தது.

எனக்குத் தெரியும். அன்று முதலாளி கத்திக்கொண்டிருந்தபோது என் கையும்தான் கோட்டைத் தடவியது. டிசைனர் என்றால் வெல்வெட் தெரியாதா? நானே சொல்லியிருக்கலாம். 'வெட்டினவர் தப்பு' என்று ஒரு வார்த்தை போதும். நாற்பது பேருக்கு முன்னால் உங்களைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. நீங்களே சொல்வீர்கள் என்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேலை போனதற்காக நான் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. பெட்டியில் துணி அடுக்கினேனே, அத்தனை மெதுவாக நான் வாழ்க்கையில் எதையும் மடித்ததில்லை. இந்தச் சேலையை மடிப்பதற்குள் சொல்லிவிடுவார், இந்தச் சேலையை மடிப்பதற்குள் சொல்லிவிடுவார் என்று மடித்தேன். பெட்டி நிறைந்துவிட்டது.

துண்டுகளைப் பலகையில் குத்திவிட்டேன். நடந்ததைச் சொன்னேன், ஆனால் அந்த டிசைனர் யார் என்று பிள்ளைகளிடம் சொல்லவில்லை. ஒவ்வொருவராக வந்து தடவிப் பார்த்தார்கள். கேள்வி மூன்றாவது வரியை இரண்டு தரம் வாசித்தாள். "பதிமூணு மாசமா! ஐயோ பாவம் டீச்சர், அந்த மாஸ்டர் எப்படித் தூங்கியிருப்பாரு?" நான் பாவமில்லையாடி என்று நாக்கு நுனி வரை வந்தது.

ஆனால் ஒன்று. இங்கே இருப்பவர்கள் உங்களுக்கு முகம் தெரியாத பிள்ளைகள். இங்கே சொல்வது சுலபம். எங்கே வாயை மூடிக்கொண்டு நின்றீர்களோ, அந்த மேசைப் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

நான்

செப்டம்பர் 19

மகராசிக்கு,

சொல்லிவிட்டேன்.

திங்கள் காலை, எல்லாரும் வந்ததும், வெட்டும் மேசைக்கு முன்னால். முதலாளியையும் கூப்பிட்டேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன். "அந்த வெல்வெட் கோட்டு என் தப்பு. டிசைன் நல்ல டிசைன். தலைகீழா வச்சு வெட்டினது நான்" என்றேன். அப்புறம் இஸ்திரி போடுகிற பெரியவர் மெதுவாகச் சொன்னார். "எனக்கு அப்பவே தெரியும் மாஸ்டர். முந்நூறையும் தேய்ச்சவன் நான்தானே. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

யோசித்துப் பார். மாஸ்டர் கை தப்பாது என்ற பேச்சைக் காப்பாற்றப் போய் நான் உன்னை விட்டேன். அந்தப் பேச்சை நம்பிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான் போல.

முதலாளி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தப் பொண்ணை நான் என்னென்ன பேசிட்டேன்" என்றார். "ஒரு வாரம் வீட்ல இருங்க மாஸ்டர். நான் யோசிக்கணும்." உனக்கு அவர் கைப்பட எழுதிய மன்னிப்புக் கடிதம் இதோடு இருக்கிறது. எனக்கு வேலை இருக்குமா என்று தெரியாது. ஆனால் திங்கள் ராத்திரி நன்றாகத் தூங்கினேன், கேள்வியிடம் சொல்.

மன்னித்துவிடு என்று கேட்க வாய் கூசுகிறது. இருந்தாலும் கேட்கிறேன். கண்காட்சி என்றைக்கு என்று மட்டும் எழுது. கூட்டத்தோடு கூட்டமாகக் கடைசி வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.

நான்

செப்டம்பர் 23

என்னங்க,

கண்காட்சி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. கடைசி வரிசையெல்லாம் வேண்டாம். வெள்ளிக்கிழமையே வந்துவிடுங்கள், ஏழு சட்டைக்கு இன்னும் பட்டன் துளை போடவில்லை. வெல்வெட் மாஸ்டர் வருகிறார் என்று சொன்னதும் கேள்வி ஒரு பக்கம் நிறைய எழுதி வைத்திருக்கிறாள். உங்களை நிற்க வைத்துக் கேட்பாள், "ம்" என்று தப்பிக்க முடியாது. அந்த டிசைனர் யார் என்பதுதான் முதல் கேள்வி. அதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

முதலாளியின் கடிதத்தை வாசித்தேன். அவருக்கு அப்புறம் பதில் எழுதிக்கொள்ளலாம். உங்களுக்கு மதிப்பெண் இன்னும் போடவில்லை. நேரில் பார்த்துத்தான் போடுவேன்.

என் கத்திரியை எடுத்து வாருங்கள், வரும் வழியில் அதை வைத்துக் காகிதம் எதையும் வெட்ட வேண்டாம். உங்கள் தலையணையையும் எடுத்து வாருங்கள். இங்கே ஒன்றுதான் இருக்கிறது.

உங்கள்
மகராசி