ஒன்றரை மணி நேரத் தூரம்

ஜனவரி 9

பல் செட் செய்யும் லேபில் காலையிலிருந்து மேல்வரிசை செட் இரண்டைத் தேய்த்தேன். பொடி பறந்து கண்ணெல்லாம் எரிச்சல். இதைத் தவிர இன்று எழுத ஒன்றுமில்லை என்றிருந்தபோது தம்பி போன் செய்தான். அப்பாவுக்குக் குடல் முறுக்கிக்கொண்டதாம். உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும்.

"கையெழுத்துப் போட மாட்டேங்கிறார்க்கா. நீ வந்தாத்தான் உள்ளே போவாராம்."

ஜனவரி 10

முதலாளி விடுப்பு கொடுத்துவிட்டார். விமான டிக்கெட்தான் நாளைக் காலைக்குக் கிடைத்தது.

அப்பாவின் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று இன்றுதான் புரிந்தது. நான் ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும், விமான நிலையத்திலிருந்து என்னை அழைத்துப்போக வருவதற்காக டிக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார். ஒன்பதுக்குப் புறப்பாடு, பத்தரைக்கு இறங்கும். ஆக, மகள் ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறாள்! அக்கா ஊர்க் கடிகாரம் நம்மதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, விமானத்தில் முழுசாக நாலு மணி நேரம் என்று தம்பி சொல்லிப் பார்த்தானாம். "எனக்கே கணக்கு சொல்லித் தர்றியாடா?" என்று பாய்ந்தாராம்.

நான் திரும்பிப் போகும் டிக்கெட்டை மட்டும் அவர் பார்ப்பதே இல்லை. "அதை என் கண்ணுல காட்டாதே" என்பார்.

ஜனவரி 11

விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அங்கே மூடுபனி. தாமதம், மறுபடி தாமதம், கடைசியில் ரத்து. நாளைக்குத்தான் என்கிறாள் கவுண்ட்டர் பெண். அவளிடம் கத்தி என்ன பிரயோசனம்? கத்தினேன்.

தம்பி வேறு, நான் கிளம்பிவிட்டதாகச் சொல்லிவைத்திருக்கிறான். அப்பா சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாராம். ஒன்றரை மணி நேரம் தாண்டியதும் என் விமானத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அழ ஆரம்பித்துவிட்டார். அந்த வலியிலும் எனக்காக. ஐயோ, நான் என்ன செய்வேன் — எனக்கென்ன றெக்கையா இருக்கு?

போனில், "நான் இன்னும் ஏறவே இல்லப்பா" என்றேன்.

அவர் பேச்சு குழறியது. நான் செய்துகொடுத்த பல் செட்டைக் கழற்றியிருந்தார்கள். "நல்ல வேளை. இந்தப் பனியில நீ வர வேண்டாம்மா. நான் கையெழுத்துப் போட்டுடறேன். ஆபரேஷன் ஒண்ணரை மணி நேரந்தானாம். உன் ஊர் தூரந்தான். போயிட்டு வந்துடறேன்."

ஜனவரி 12

பத்தரைக்கு இறங்கினேன். வாசலில் தம்பி மட்டும் நின்றிருந்தான். கையில் ஒரு சின்ன டப்பா. அப்பாவின் பல் செட்.

ஜனவரி 27

காரியமெல்லாம் முடித்து நேற்று திரும்பி வந்தேன். கிளம்பும்வரை டிக்கெட் மேசைமேல்தான் கிடந்தது. ஒளித்துவைக்க வேண்டிய வேலை இல்லை. பதினொன்றுக்குப் புறப்பாடு, ஐந்தரைக்கு இறங்கும்.

இன்று லேபில் முதலாளி தேநீரை நீட்டியபடி, "அங்கேருந்து வர எவ்வளவு நேரம்மா? நாலு மணி நேரம் இருக்குமா?" என்று கேட்டார்.

ஆறரை மணி நேரம் என்றேன்.