பதினோரு ஓட்டு

அண்ணா,

நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரரைத் தொழிற்சங்கத்திலிருந்து நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தீர்கள். தலைவரான உங்களை எதிர்த்துக் கேள்வி கேட்டதுதான் அவர் செய்த குற்றம். "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்தீர்கள். தையல் பிரிவில் என் வேலை உங்கள் தயவில் இருந்தது. தூக்கினேன். முன்வரிசையிலிருந்து அவர் திரும்பிப் பார்த்தார். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. தட்டில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோகிறார்.

இனிமேல் சீட்டுப் போட்டு ரகசியமாகத்தான் தேர்தல் நடக்கவேண்டும் என்று ஒவ்வொரு மெஷினாகப் போய்க் கையெழுத்து வாங்கியது நான்தான். "நடத்தட்டுமே, சீட்டுலயும் என் பேருதான் இருக்கும்" என்று சிரித்தீர்களாம்.

பெட்டியைத் திறந்து எண்ணினால், முந்நூறு பேரில் உங்களுக்குப் பதினோரு ஓட்டு. இப்போது வழியில் பார்க்கிறவர்களையெல்லாம் நிறுத்திக் கேட்கிறீர்களாமே? இதுவரை அறுபது பேர் உங்களுக்குத்தான் போட்டதாகச் சத்தியம் செய்திருக்கிறார்களாம். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

நேற்று அண்ணியை அனுப்பியிருந்தீர்கள். "கூடப்பிறந்தவளாவது எனக்குப் போட்டாளான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு" என்றார்கள், பாவம்.

பாசத்தில் போட்டும் இருக்கலாம், போடாமலும் இருக்கலாம். சொல்லமாட்டேன் அண்ணா. உயிரோடு இருக்கிறவரைக்கும் யோசித்துக்கொண்டே இருங்கள்.

உங்கள் தங்கை