ஆயிரங்காய் மாடத்துப் புறாக்கள் பொருட்டு விடுத்த ஓலை

நீர் பெருகுக. நெல் பெருகுக. இரு கரையும் நலம் பெருகுக.

வெண்ணுரையாற்றின் தென்கரை முழுதும் ஒரு குடைக்கீழ்க் காக்கும் மருதந்திட்டை நாட்டு அரசியார், மூன்று துறைக்கும் தலைவியார், நறுங்கோதை மாதேவியார் திருவாய் மொழிந்தருள, அவர்தம் ஓலைநாயகம் கூத்தன் தாமன் எழுதிய ஓலை. வடகரைக் கோட்டுமலை நாட்டை ஆண்டருளும் விறற்கோடனார் திருமுன் இது வணக்கத்துடன் விரிக. தங்கள் மலையில் தேனும், சுனையில் நீரும், தொழுவில் கன்றும் குறைவிலவாகுக. தங்கள் இளைய மகளார்க்கு மணம் கூடியது கேட்டு இந்நாடு மகிழ்ந்தது. மணவிழாவிற்கு அனுப்பிய நெய்க்குடங்கள் உடையாமல் வந்து சேர்ந்தனவா என்று அறிய அரசியார் விரும்புகிறார்.

இனிச் செய்தி. யாரும் இறக்கவில்லை, எதுவும் பகைவர் கைக்குப் போகவில்லை, துறைச் சங்கிலி கிடந்த இடத்திலேயே கிடக்கிறது என்பதை முதற்கண் தெரிவிக்கிறோம். நேற்று நண்பகல் வரை இப்படி ஒரு வரியை எழுத முடியும் என்று இங்கே ஒருவரும் நம்பவில்லை. இன்று எழுதுகையில் எழுத்தாணி பிடித்த கைக்கே மூச்சு வருகிறது.

எங்கள் நடுத்துறைக் காவலர் எயினனாரைத் தாங்கள் அறிவீர்கள். சென்ற பெருவெள்ளத்தில் தங்கள் நாட்டு மாட்டு வணிகரை இழுத்துக் கரை சேர்த்தவர் அவரே. கள்ளின் வாடையும் ஆகாதவர், அரண்மனை விருந்தில் இரண்டாம் முறை பாயசம் கேட்கக் கூசுபவர். அவர் விரலில் உள்ள சுறா முத்திரை மோதிரமே ஆற்றின் குறுக்கே கிடக்கும் இரும்புச் சங்கிலிக்கு அதிகாரம். அம்முத்திரை பதிந்த அரக்கைக் கண்டால் சங்கிலியை இறக்குவார்கள், காணாவிடில் தேவர்களே ஓடத்தில் வந்தாலும் இறக்கமாட்டார்கள். அம்மோதிரம் எவர் கைக்குப் போகிறதோ, அவருடைய படகுகள் எங்கள் தலைநகரின் படித்துறை வரை தடையின்றி வரலாம்.

இத்தகைய மனிதர், தம் வீட்டு முற்றத்தை விட்டு ஓரடியும் வெளியே வையாமல் சூதாடியானார்.

முன்னெல்லாம் சூதாட வேண்டுமானால் களத்திற்குப் போக வேண்டும். போகும் வழியில் மாமனார் வருவார், கடன் கொடுத்தவர் வருவார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒதுங்கி ஒதுங்கிப் போக வேண்டியிருந்தது. அந்த வெட்கமே பாதிப் பேரைக் காத்து வந்தது. தங்கள் மலையடிவாரத்தில் சூதுமனை நடத்தும் ஆயிரங்காய் மாடத்தார் அந்த வெட்கத்தை ஒழித்துவிட்டார்கள். தம் மாடத்துக் கூட்டில் வளர்ந்த புறாக்களைக் கூண்டு கூண்டாக ஓடத்தில் ஏற்றி, எங்கள் கரையில் வீடுதோறும் விலையின்றிக் கொடுத்தார்கள். புறா தான் வளர்ந்த கூட்டிற்கே திரும்பும் ஆதலால், பணயத்தைச் சிறு பையில் இட்டு அதன் காலில் கட்டி விட்டால் போதும், அது நேரே மாடத்தில் போய் இறங்கும். அங்கே நடக்கும் சேவற்போர் எப்படிப் போகிறது என்பதை மலை உச்சியில் ஏறும் கொடிகள் சொல்லும். கட்டிலில் சாய்ந்தபடி சாளரம் வழியே பார்த்துக்கொள்ளலாம்.

எயினனார் சபையில் உரைத்தவாறே சொல்வதானால், முதற்பறவை வந்தபோது அவர் சிரித்தாராம். முதல் ஆட்டத்திற்கான காய்ச்சில்லுகளை மாடத்தாரே பரிசாகக் கொடுத்திருந்தார்கள். அதில் வென்றும் விட்டார். அதன்பின் தம் பொன்னைக் கொடுத்து, சாயம் பூசிய மண்சில்லுகளை வாங்கினார். மண்சில்லு போனபோதெல்லாம் மண்தானே போயிற்று என்று தம் நெஞ்சைத் தேற்றிக்கொண்டாராம். எந்தச் சேவல் வெல்லும் என்று மட்டும் கேட்டிருந்தால் ஒரு நாளைக்கு ஒரு தோல்வியோடு போயிருக்கும். மாடத்தார் புதுவழி கண்டிருக்கிறார்கள். சேவல்கள் மோதிக்கொண்டிருக்கும்போதே, அடுத்துப் பாய்வது எது, இறகு உதிர்வது எதற்கு, பின்வாங்குவது எது என்று கொடிக்கு மேல் கொடி ஏற்றிப் பணயம் கேட்கிறார்கள். சோற்றில் கை வைத்தவர் கொடி ஏறியதைக் கண்டு எழுந்து போவதும், திரும்பி வருகையில் சோறு ஆறிக் கிடப்பதும் எயினனார் வீட்டில் வழக்கமாயிற்று.

ஒருமுறை அவர் மனம் கசந்து நிறுத்தியும் பார்த்தார். நான்காம் நாளே மாடத்து ஓடக்காரர் தேன்குழலும் புதுச்சில்லுகளும் கொண்டு வந்து, காவலர்க்கு உடம்புக்கு ஏதேனும் முடியவில்லையோ என்று மாடத்தார் கவலைப்படுவதாகச் சொன்னாராம். பெற்ற தாயும் இத்தனை கணக்காக நலம் விசாரித்ததில்லை என்று எயினனார் சபையில் சொன்னபோது, சிரிப்பதா அழுவதா என்று எங்களுக்கு விளங்கவில்லை. ஆடியவர் யார், ஓய்ந்தவர் யார், ஓய்ந்தவரை எதைக் காட்டி எழுப்பலாம் என்பதை அறிவதற்கென்றே மாடத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. கூத்து மேடையில் அழுதுகொண்டிருக்கும் அரசன் வேடத்தார்கூட இடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆயிரங்காய் மாடத்தில் ஆடி மகிழ்வீர் என்று சொல்லிவிட்டு மீண்டும் அழத் தொடங்குகிறார்.

நேற்று முற்பகலில் எயினனார் கையில் சில்லு ஒன்றும் இல்லை. கூண்டிலும் பறவை இல்லை. மலையில் கடைசி மோதலுக்கான சிவப்புக் கொடி ஏறியது. பணயம் எதுவாயினும் ஏற்கப்படும் என்பது அக்கொடியின் பொருள். இழந்ததை எல்லாம் ஒரே வீச்சில் மீட்டுவிடலாம் என்று ஓர் எண்ணம் எழுந்ததாம். கூரை இறவாணத்தில் மாடத்துப் புறா ஒன்று உட்கார்ந்திருந்தது. அதைப் பிடித்து, மோதிரத்தைக் கழற்றிப் பையில் இட்டுக் கட்டி, ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் வானில் விட்டார். விட்ட கை கீழே இறங்கும் முன்பே அறிவு வந்தது. பறவையைக் கூப்பிட்டால் திரும்புமா? பெயர் சொல்லிக் கூப்பிட அதற்கு ஒரு பெயர்கூட இல்லையே என்று கரையில் நின்று கதறியிருக்கிறார்.

ஓடி ஒளிந்திருக்கலாம். ஒளியாமல் நேரே அரண்மனைக்கு நடந்து வந்து, அரசியார் திருமுன் வெறும் விரலைக் காட்டி, நடந்ததை ஒன்றும் மறையாமல் உரைத்து, தம் தலையை எடுத்துக்கொண்டு துறையைக் காத்தருளுமாறு வேண்டினார். முத்திரையைப் பகைவர்க்கு ஈந்தவர்க்கு இந்நாட்டில் ஒரே தண்டனைதான் என்பதை அனைவரும் அறிவர். படைத்தலைவர் சங்கிலிக்கு ஆள் அனுப்ப எழுந்துவிட்டார். அரசியார் முகம் வெளுத்திருந்தது. மாடத்தார் எத்தனையாம் நாள் வந்து நலம் விசாரித்தார்கள் என்று மட்டும் அவர் மெல்லக் கேட்டார்.

அந்நேரம் வாயிற்காவலரை விலக்கிக்கொண்டு எயினனாரின் மனைவியார் நீலநங்கை உள்ளே வந்தார். அவர்க்கு நடந்தது ஒன்றும் தெரியாது. வந்த வேகத்தில் அரசியாரை வணங்கவும் மறந்து, கணவரை நோக்கி, பறவைக்கு மோதிரம் மாட்டி அழகு பார்க்கும் வயதா இது என்று சினந்து வினவினார். குஞ்சுகளுக்கு இரையூட்ட வந்த தாய், காலில் தொங்கிய பாரத்தால் கூட்டில் ஏற மாட்டாமல் சறுக்கிச் சறுக்கி விழுந்ததென்றும், தாமே ஏணி வைத்து ஏறி அதை அவிழ்த்ததாகவும், வாயில்லாச் சீவனை வதைப்பவர்க்கு இன்று வீட்டில் சோறு இல்லை என்றும் அறிவித்து, மோதிரத்தைக் கணவர் காலடியில் வைத்தார்.

மாடத்தார் எல்லாம் அறிந்தவர்கள். ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள். இலவசமாய் வந்த பறவைக்கு நீலநங்கையார் மாதக்கணக்கில் தினையும் நீரும் வைத்திருக்கிறார். அது எங்கள் ஊர்ச் சேவற்புறா ஒன்றோடு இணைந்து, அவ்வீட்டு இறவாணத்திலேயே முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்திருக்கிறது. குஞ்சை விட்டுவிட்டு எந்தத் தாய் ஆறு கடப்பாள்?

எயினனார் மோதிரத்தைத் தொடவில்லை. மனைவியாரின் கால்களைப் பற்றிக்கொண்டு குழந்தை போல் அழுதார். ஒன்றும் விளங்காத அவ்வம்மையார், சரி சரி, சோறு போடுகிறேன் என்று தேற்றினார். அப்போது எழுந்த சிரிப்பு அரண்மனை மதிலுக்கு வெளியே கேட்டதாம். இருபதாண்டுகளாகப் புன்னகைக்கும் கஞ்சம் காட்டிய படைத்தலைவர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அரசியாரும் சிரித்தார், சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார்.

பின்னர் அரசியார் அருளிய தீர்ப்பு இது. எயினனார் துறைக்காவலராகவே இருப்பார். மோதிரம் நீலநங்கையாரின் விரலில் இருக்கும். தலைக்குப் பதிலாக வேறொன்றை எயினனாரே தர முன்வந்தார். தம் பெயரை மாடத்தில் அடைத்துவிட வேண்டும், இனித் தாமே கெஞ்சிப் பணயம் அனுப்பினாலும் ஏற்கக் கூடாது, ஓடக்காரர் நலம் விசாரிக்கவும் வரக் கூடாது என்று கேட்டார். அவ்வாறு அடைத்துக்கொள்ள விரும்புவோர் எவராயினும் வருக என்று மாலையில் முரசறைந்தோம். நாலு பேர் வருவார்கள் என்று எண்ணினோம். இன்று விடியலில் அரண்மனை வாயிலில் தொடங்கிய வரிசை உப்பங்காடி வரை நின்றது, ஒவ்வொருவர் கையிலும் ஒரு கூண்டு.

மாடத்தின் வரி தங்கள் கருவூலத்திற்கு எத்துணை இனிப்பது என்பதை நாங்கள் அறியாமல் இல்லை. ஆயினும் மலை உச்சிக் கொடி தென்கரைக்கு மட்டுமே தெரிவதன்று, தங்கள் படைவீட்டுச் சாளரங்களுக்கும் நன்றாகவே தெரியும். ஆதலின் பதவி முத்திரையையும் உழும் ஏரையும் மாடத்தார் பணயமாக ஏற்காதவாறும், சிவப்புக் கொடி இனி ஏறாதவாறும், அடைத்த பெயர் அடைத்தபடியே கிடக்குமாறும் தாங்கள் ஆணையிட வேண்டும். எயினனார் வீட்டுப் பறவையை மட்டும் திருப்பித் தருவதற்கில்லை. விலை கேட்டால் கொடுக்கிறோம்.

ஏனைய பறவைகள் அனைத்தையும் நாளைக் காலையில் ஒருங்கே பறக்கவிடுகிறோம். தங்கள் வானம் சிறிது நேரம் இருண்டால் படையெடுப்பு என்று அஞ்ச வேண்டா. பைகளில் பொன் இராது. அடைக்க வேண்டிய பெயர் எழுதிய நறுக்கோலை ஒன்றே இருக்கும்.

இஃது அரசியார் திருமுன் படித்துக் காட்டி, அரக்கிட்டு, மும்மீன் இலச்சினை பொறித்து விடுத்தது. இரு கரையும் வாழ்க.

அப்பறவைகளுள் வெள்ளிக் கூண்டிலிருந்து விடப்படும் முதற்பறவை கொண்டுவரும் பெயரைப் படித்துத் தங்கள் திருவுள்ளம் திகைக்க வேண்டா. நறுங்கோதை என்னும் அப்பெயரையும் மற்றப் பெயர்களைப் போலவே அடைத்திடுக. பின்னொரு நாள் அப்பெயருடையாரே வந்து ஆணையிட்டாலும் திறவாதொழிக. இது அரசியார் ஆணை.