கோணல் கோடு

அன்புத் தங்கை கனகவல்லிக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

அயர்லாந்து வந்து ஜோதிகாவின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு நேற்று விடுமுறை. அவள் கண்ணாடிப் பட்டறைக்கு அழைத்துப் போனாள். ஒருவர் கண்ணாடிக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் வெறும் கட்டங்கள் வரைந்து, கிண்ணத்தைச் சுழலும் சக்கரத்தில் அழுத்தி, உள்பக்கமாகப் பார்த்தபடி மனக்கணக்கில் பூ வெட்டினார்.

“அந்தக் கோடு கோணல்” என்று அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்.

“அம்மா, சும்மா இருக்க மாட்டீகளா?” என்றாள் ஜோதிகா.

அவர் வெளிச்சத்தில் பார்த்தார். நன்றி சொல்லிவிட்டு, மூன்று நாள் உழைப்பை அங்கேயே உடைத்தார். குறையுள்ளது வெளியே போகக் கூடாதாம். உன் அத்தான் இருந்திருந்தால் என்னை முறைத்திருப்பார்.

நீ அனுப்பிய மிளகாய் வற்றலில் சொத்தை என்று கடிந்து எழுதினேனே, அது தீர்ந்துவிட்டது. இன்னும் ஒரு கிலோ அனுப்பு. சொத்தையைப் பொறுக்கி எடுக்க வேண்டாம், அப்படியே கட்டு.

குழந்தை எழுந்துவிட்டது.

அக்கா தையல்நாயகி