எண்ணெய் தடவிய கட்டைவிரல்

சிஸ்டர், இன்றைக்கு ஆஸ்பத்திரியில் என் மானம் போனது. காப்பீட்டு அட்டையைப் புதுப்பிக்க விரல்ரேகை கேட்டார்கள். "நல்லா அழுத்தி வைங்க" என்றாள் கவுண்டர் பெண். உப்பு வாரிய கை அல்லவா, அழுத்திய வேகத்தில் மிஷின் மேஜையை விட்டு விழுந்து ஒயரில் தொங்கியது. வரிசையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். நாலு முறை வைத்தும் சிவப்பு விளக்குதான். பக்கத்தில் சக்கர நாற்காலியில் என் மகள், முகம் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு. அட்டை சரியானால்தான் டயாலிசிஸ்.

என் ரேகையை உப்பு தின்ற கதை உங்களுக்குத் தெரியும். கிராம நர்ஸாக நீங்கள் காப்பீட்டுக்குப் பெயர் பதிய டேப்லெட்டும் ரேகை மிஷினுமாக உப்பளத்துக்கு வந்த அன்றும் மிஷின் என்னை ஏற்கவில்லை.

"அப்போ நான் ஆளே இல்லியா சிஸ்டர்?"

"ஏம்பா, காலைல என் டீயையும் சேத்துக் குடிச்சது யாரு?"

உங்கள் குடிதண்ணீரில் என் கையைக் கழுவி, பையிலிருந்த தேங்காய் எண்ணெயைத் தேய்த்துவிட்டீர்கள். பச்சை எரிந்தது.

அதே பையிலிருந்த சின்னப் பட்டையை மகளின் சிறுநீரில் நனைத்துப் பார்த்து, "நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றதும் நீங்கள்தான். நானோ, அதுவரை வீங்கிய முகத்தைப் பார்த்து அவளைப் பூசணிக்காய் என்று கேலி செய்துகொண்டிருந்தேன். என் எட்டாம் வகுப்பு மூளை அவ்வளவுதான்! முதல் டயாலிசிஸுக்குக் கூடவே வந்து, ஊசியைக் கண்டு மிரண்டவளிடம், "ரத்தத்த மிஷின் பாத்துக்கும், உன்ன நான் பாத்துக்கறேன். நான் இருக்கேன்ல?" என்றீர்கள். அதை நம்பித்தான் ஒவ்வொரு தடவையும் கையை நீட்டுகிறாள்.

போன மாதம் மாரடைப்பில் நீங்கள் போய்விட்டீர்கள்.

இன்றைக்கு என்னிடம் எண்ணெய் இல்லை. மகள் தலையில் இருந்தது. கட்டைவிரலை அவள் வகிட்டில் தேய்த்தேன்.

"என்னப்பா பண்ற? எல்லாரும் பாக்குறாங்க."

"ஆசீர்வாதம்டி. சும்மா இரு."

பச்சை. கவுண்டர் பெண்ணே "அப்பாடா" என்றாள்.

உள்ளே ஊசி ஏறும்போது மகள் வாசலையே பார்த்தாள்.

"சிஸ்டர் ஏம்ப்பா வரவே இல்ல? எம்மேல கோவமா?"

"லீவுல போயிருக்காங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் கை சொரசொரன்னு இருக்குதுப்பா. அவங்க கைதான் நல்லாருக்கும். எத்தன நாளு லீவு?"

சிரித்தேன். அந்தச் சொரசொரப்பான கையால் உங்கள் குழியில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று சொல்லவில்லை.