போகாதே என்றீர்கள், கிரீஸ் போய்வந்தோம்

என் வாய்த்துடுக்கையும் என் சாம்பாரையும் இருபத்தாறு வருடம் பொறுத்துக்கொண்ட அத்தைக்கு,

நாங்கள் கிரீஸ் போய்வந்துவிட்டோம். நீங்கள் காலமாகி ஏழு மாதம்தான் ஆகிறது. இன்னும் தலைத்திவசம் கொடுக்கவில்லை. அதற்குள் கடல் தாண்டிப் பத்து நாள் ஊர் சுற்றி, வயிறு நிறையச் சாப்பிட்டு, செங்கல்பட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறோம். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

போவதற்காக உங்கள் பெயரில் ஒரு பொய்யும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், நான் மட்டும் பக்கத்தில் இருந்தபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொன்னது என்ன? "நான் பூட்டா ஒரு வருசம் எங்கியும் போவாதீங்க. கோயில் வாசப்படிகூட மிதிக்கக் கூடாது. என் புள்ள எனக்கு ஒழுங்கா செய்யணும்." கருமாதி முடிந்த கையோடு சொந்தக்காரர்கள் முன்னால் நான் சொன்னது என்ன? "டிக்கெட்ட கேன்சல் பண்ணாதீங்க, போயிட்டு வாங்கன்னு அத்தையே சொன்னாங்க."

உங்கள் கொழுந்தனார், திருப்போரூர் சின்ன மாமா, நம்பவில்லை. "அண்ணியா அப்படிச் சொன்னாங்க? கொடிமரம் கீற கோயிலையே ஒரு வருசம் எட்டிப் பாக்கக் கூடாது. நீங்க பிளேன் ஏறிப் போவணும்னு நிக்கிறீங்க. இன்னா அவசரம்?" என்று கூடத்தில் நின்று கத்தினார்.

அவசரம் இருந்தது அத்தை. உங்கள் மகனுக்குக் கண்ணில் அழுத்தம். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. போனது திரும்பாது, இருப்பதை எவ்வளவு நாள் காப்பாற்ற முடியும் என்று தெரியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அம்மாகிட்ட மூச்சு விடாத" என்று உங்கள் மகன் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இன்னும் ஒரு வருடம் உட்கார்ந்துவிட்டுப் போனால் அவருக்கு எவ்வளவு தெரியும்? நீங்களே சொல்லுங்கள்.

முப்பது வருடம் வரலாறு நடத்தியவர். வருடா வருடம் ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போய்க் கல்லைத் தொட்டுக் காட்டியவர். கிரேக்கத் தூணைக் கரும்பலகையில் மட்டும் வரைந்துவிட்டு ஓய்வு பெற்றார். அவருடைய கல் பைத்தியம் உங்களுக்குத் தெரியாததா? எனக்குக் கல்யாணமான புதிதில் நம் இருவரையும் சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குக் கூட்டிப்போனபோது, "இடிஞ்ச சொவத்தப் பாக்கவாடா பஸ் ஏறி வந்தோம்?" என்று கேட்டது நீங்கள்தானே!

ஏதென்ஸில் முதல் நான்கு நாளும் நன்றாகத்தான் இருந்தார். பழைய சந்தைத் திடலில் விழுந்து கிடக்கும் கல் ஒன்றையும் விடவில்லை. நடுவூர் மலைமேல் இருக்கும் பெரிய கோயிலுக்கு மட்டும் ஏறவில்லை. முட்டி வலிக்கிறது என்றார். நானும் நம்பினேன்.

ஐந்தாம் நாள் கடல்முனைக்குப் போனோம். அங்கேயும் ஒரு குன்றின்மேல், நம் கடற்கரைக் கோயில் மாதிரியே கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு கோயில். சாமி இல்லை, பூஜை இல்லை, டிக்கெட் மட்டும் உண்டு. உங்கள் மகன் வாசலிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். டிக்கெட் பார்க்கும் பெண்மணி, கல் சுடும், போட்டுக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தாள். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகவில்லை, கோயிலுக்குள் வரக்கூடாது என்று இவர் அவளுக்கு விளக்கினார். அவள் சிரிக்கவில்லை. நிழலைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

உட்கார்ந்ததும் என்னிடம் கேட்டார். "அம்மா ஊருக்குத்தான போவச் சொல்லிச்சு? கோயிலுக்குள்ள போவலாம்னு சொல்லிச்சா?"

இன்னொரு பொய் வாய்வரை வந்துவிட்டது. வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அத்த ஊருக்கே போவச் சொல்லலீங்க. எங்கியும் போவக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. நான்தான் மாத்திச் சொன்னேன்" என்றேன். எழுந்து திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் கடலைப் பார்த்தபடி சொன்னார். "தெரியும் தேனு. எங்கிட்டயும் அதையேதான் சொல்லிச்சு. சரிம்மான்னு தலையாட்டிட்டு வந்தேன். நீ எல்லாருக்கும் முன்னாடி அப்படிச் சொன்னதும் நானும் அதையே புடிச்சிக்கினேன். கண்ணு நல்லா கீறப்பவே பாத்துடணும்னு ஆச. ஆனா கோயில்னு வந்தா கால் வர மாட்டேங்குது."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. "அப்ப பாதிப் பாவம் உங்களுது. அத்த கோவிச்சுக்கிட்டா எங்கிட்ட கோவிச்சுக்கட்டும். எழுந்திரிங்க" என்று சொல்லி நானே குனிந்து ஷூவை மாட்டிவிட்டேன். எழுந்து வந்தார்.

அத்தை, அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கயிறு கட்டியிருந்ததால் தூணைத் தொட முடியவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு, தூணில் மேலிருந்து கீழாக ஓடும் வரிப்பள்ளங்களைச் சுற்றிச் சுற்றி வந்து எண்ணினார். இந்த மாதிரித் தூணுக்கு இருபது என்பது அவர் பாடம். இங்கே பதினாறுதான். மூன்று தரம் எண்ணினார். "முப்பது வருசமா எல்லாத் தூணுக்கும் இருபதுன்னு சொல்லிக்குடுத்துட்டேனே!" என்று கத்திச் சிரித்தார். நீங்கள் போனபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

கீழே கடலோரக் கடையில் நான் சுட்ட மீன் சாப்பிட்டேன். முட்டுக்காட்டு மீனுக்குப் பக்கத்தில் நிற்காது. அவர் உங்களுக்காகக் கவிச்சியை விட்டவர், அங்கேயும் தொடவில்லை. மஞ்சளாகக் கடைந்த பருப்பு ஒன்று கொண்டுவந்து வைத்தார்கள். மேலே ஆலிவ் எண்ணெய், பச்சை வெங்காயம். ஒரு வாய் வைத்ததும், "அம்மா பருப்பு" என்று சொல்லிவிட்டு இன்னொரு தட்டு கேட்டார். மூன்றாவது தட்டும் கேட்டார். நான் மீன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடிதத்தை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போடப்போகிறேன். கண் விஷயத்தை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். எழுது என்றார். சின்ன மாமா படிக்கட்டும். தலைத்திவசத்துக்கு வர மாட்டேன் என்று அவர் சொல்லியனுப்பியிருக்கிறார். வராமல் போனாலும் நாங்கள் ஒரு குறையும் வைக்காமல் செய்வோம். உங்கள் சொல்லைக் கேட்காததற்கு மன்னிப்பு மட்டும் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். உங்கள் மகன் கண் விஷயம் உங்களுக்கு அப்போதே தெரிந்திருந்தால், நீங்களே பெட்டி கட்டிக் கொடுத்திருக்க மாட்டீர்களா?

ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அத்தை. கண் தெரியும்வரை அவரை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு திரிவேன், யார் வேண்டுமானாலும் பேசட்டும். தெரியாமல் போன பிறகும் கூட்டிப்போவேன். கையைப் பிடித்துக்கொண்டு, தூணில் எத்தனை வரி என்று நான் எண்ணிச் சொல்வேன். அவரிடம் இனி ஒன்றைக்கூட மாற்றிச் சொல்ல மாட்டேன்.

உங்கள் பேச்சைக் கேட்காத,
உங்கள் மகனை விடாத மருமகள்,
தேன்மொழி